வீடு மறுத்தலும் சட்டமும்

முன்னுரை

உணவு, உடை, உறையுள் என மாந்தரின் இன்றியமையாத் தேவைகளை மூன்றாக வகுத்துரைப்பது மரபு. இவற்றுள் உணவையும் உடையையும் பொருள் உடையவர் பெரும்பாலும் தடையின்றிப் பெறுகின்றனர். குலமும் சமயமும் கேட்டறிந்த பின்னர் அரிசி அளக்கும் கடைக்காரரைக் காண்பது அரிது. உறையுளின் நிலை அவ்வாறன்று. கையில் முன்பணம் இருந்தும், ஒழுக்கத்தில் குறையேதும் இல்லாதிருந்தும், வீடு கேட்டுச் செல்பவர் தம் பெயரைச் சொன்ன அளவிலே "வீடு நேற்றே பேசி முடிந்துவிட்டது" என்னும் விடை வந்துவிடுவதுண்டு. "வீடு வாடகைக்கு" என்னும் பலகையோ மறுநாளும் அவ்வாயிலில் தொங்கிக்கொண்டிருக்கும்.

மதுரைக்குப் புதியவர்களாய் வந்த கோவலனுக்கும் கண்ணகிக்கும் ஆய்ச்சேரியில் மனை தந்தவள் மாதரி. கவுந்தியடிகள் அடைக்கலமாகத் தந்தவர்களை அவள் மறுக்கவில்லை. மாதரி போன்றோர் தெருவுக்கு ஒருவர் இருப்பின் இப்பொருள் குறித்துச் சட்டமே வேண்டியதில்லை. அவ்வாறு இல்லாத இடத்தில் சட்டம் என்ன செய்ய இயலும்? இவ்வினாவுக்கு விடை தேடி நெடுங்காலம் போராடிய நாடு அமெரிக்கா. அந்நாடு கண்ட வெற்றியும் தோல்வியும் நமக்கும் பாடமாவன. அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உறங்கிய உரிமை

அமெரிக்காவில் அடிமை முறை 1865ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1866இல், அந்நாட்டு நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டம் ஒன்றை இயற்றியது. நிலமும் வீடும் வாங்கவும், விற்கவும், குத்தகைக்கு எடுக்கவும், மரபுரிமையாகப் பெறவும் வெள்ளையர்க்குள்ள அதே உரிமை குடிமக்கள் அனைவர்க்கும் உண்டு என அது தெளிவாகக் கூறியது. சொல்லளவில் இதனினும் சிறந்த சட்டம் வேண்டுவதில்லை. ஆயினும், உரிமையைக் கூறிய அச்சட்டம் தனியார் வீடு மறுத்தலைத் தடுக்கும் கருவியாக ஒரு நூற்றாண்டுக் காலம் பயன்படவில்லை. ஏட்டில் எழுதப்பட்ட உரிமை வேறு, வாயிற்படியில் நின்று கேட்டுப் பெறும் உரிமை வேறு என்பதை உணர்த்தும் முதற்சான்று இதுவே.

மறுப்பு முறையாக வளர்ந்த வகை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில நகராட்சிகள், எந்தத் தெருவில் எந்த இனத்தார் குடியிருக்கலாம் என்று தாமே விதி வகுத்தன. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரம் இயற்றிய அத்தகைய விதியை உச்ச நீதிமன்றம் 1917இல் செல்லாது என்றது. அரசு செய்யக் கூடாததைத் தனியார் செய்யலாம் அன்றோ? எனவே மறுப்பு தன் உருவை மாற்றிக்கொண்டது. ஒரு தெருவின் மனை உரிமையாளர்கள் ஒன்றுகூடி, இன்ன இனத்தார்க்கு விற்பதில்லை, குடியிருக்க விடுவதில்லை என ஒப்பந்தம் எழுதிப் பத்திரத்தோடு பதிவு செய்தனர். மனை எத்தனை கை மாறினாலும் அக்கட்டுப்பாடு அதனைத் தொடர்ந்தது. கறுப்பினத்தார்க்கு எதிராக மட்டுமன்றி ஆசிய இனத்தார்க்கும் யூதர்க்கும் எதிராகவும் இத்தகைய பத்திரங்கள் எழுந்தன.

தரகர்களும் இதற்குத் துணை நின்றனர். ஒரு பகுதியின் மனை மதிப்பைக் குறைக்கக்கூடிய இனத்தாரையோ நாட்டாரையோ அங்குக் குடியேற்ற உதவலாகாது என்பது, வீட்டுத் தரகர்களின் தேசியச் சங்கம் 1924இல் ஏற்ற ஒழுக்க நெறிகளுள் ஒன்று. 1950 வரை அந்த வாசகம் நீடித்தது. பாகுபாடு காட்டுவது பிழையாகக் கருதப்படாமல், காட்டாமையே தொழில் ஒழுக்கக் கேடாகக் கருதப்பட்ட காலம் அது.

அரசும் விலகி நிற்கவில்லை. பொருளாதாரப் பெருவீழ்ச்சியின்போது, அடமானத்தில் மூழ்கவிருந்த வீடுகளை மீட்க 1933இல் ஒரு கடன் கழகம் அமைக்கப்பட்டது. அக்கழகம் 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு நிலப்படங்கள் வரைந்து, பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என நான்கு வண்ணங்களால் பகுதிகளைத் தரம் பிரித்தது. பச்சை மிகச் சிறந்தது. சிவப்பு இடர் மிக்கது. கறுப்பினத்தார் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பாயின. 1934இல் தோன்றிய கூட்டாட்சி வீட்டுவசதி நிருவாகமோ, வங்கிகள் வழங்கும் வீட்டுக் கடனுக்குக் காப்புறுதி அளிக்கும்போது, இனங்கள் கலவாத பகுதிகளையே விரும்பி, மேற்கூறிய விலக்குப் பத்திரங்களைப் பரிந்துரைக்கவும் செய்தது. சில பகுதிகளை ஒதுக்கிவைத்துக் கடன் மறுக்கும் வழக்கத்தைச் 'சிவப்புக் கோடிடல்' என்று இன்றும் குறிக்கின்றனர்.

இதன் விளைவு ஒரு தலைமுறையோடு நிற்கவில்லை. நடுத்தரக் குடும்பத்தின் பெருஞ்சேமிப்பு அதன் வீடே. வீட்டின் மதிப்பு உயர, அதனை ஈடாக வைத்து மகனைக் கல்லூரிக்கு அனுப்பலாம். இறுதியில் அதனை மக்களுக்கு விட்டுச் செல்லலாம். மேலும், அந்நாட்டுப் பள்ளிகள் தம் செலவில் கணிசமான பகுதியை அவ்வப்பகுதிச் சொத்து வரியிலிருந்து பெறுகின்றன. எனவே நல்ல தெருவில் வீடு மறுக்கப்பட்டவனுக்கு நல்ல பள்ளியும் மறுக்கப்பட்டது; பள்ளி மறுக்கப்பட்டவனுக்கு வேலையும் எட்டாமற் போயிற்று.

ஷெல்லி வழக்கு

மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் லபாடி என்னும் தெருவின் மனை உரிமையாளர்கள் பலர் 1911இல் ஒப்பந்தம் ஒன்றில் கையொப்பமிட்டனர். கறுப்பினத்தாரும் மங்கோலிய இனத்தாரும் அங்கு 50 ஆண்டுகளுக்குக் குடியிருக்கலாகாது என்பது அதன் சாரம். இதனை அறியாத ஷெல்லி என்னும் கறுப்பினக் குடும்பத்தார் 1945இல் அத்தெருவில் ஒரு வீட்டை வாங்கினர். ஒப்பந்தத்தில் கட்டுண்ட மற்றொரு மனைக்கு உரிமை பூண்ட கிரேமர் குடும்பத்தார் அவர்களை வெளியேற்றக் கோரி வழக்குத் தொடுத்தனர். மாநில உச்ச நீதிமன்றம் கிரேமருக்கே வெற்றி தந்தது.

நாட்டின் உச்ச நீதிமன்றம் 1948ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் அத்தீர்ப்பை மாற்றியது. அது கூறிய காரணம் நுட்பமானது. தனியார் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொள்வதை அரசமைப்புத் தடுக்கவில்லை. ஆனால் அதனை நிறைவேற்றித் தருமாறு நீதிமன்றத்தை நாடும்போது, நீதிமன்ற ஆணை என்பது அரசின் செயலாகிவிடுகிறது. அரசு இன வேற்றுமை காட்டலாகாது. ஆகவே பத்திரம் தாளில் இருக்கலாம், அதனைக் கொண்டு எவரையும் வெளியேற்றல் இயலாது. ஒன்பது நீதிபதிகளுள் மூவர் இவ்வழக்கில் அமரவில்லை. அமர்ந்த அறுவரும் ஒருமித்தே தீர்ப்பு வழங்கினர்.

பெருவெற்றி எனினும் இது பாதி வெற்றியே. மனமுவந்து மறுப்பவனை இத்தீர்ப்புத் தடுக்கவில்லை. பென்சில்வேனியா மாநிலத்தில் லெவிட்டவுன் என்னும் புதுநகர் ஆயிரக்கணக்கான வீடுகளோடு எழுந்தபோது, அதனைக் கட்டிய நிறுவனம் கறுப்பினத்தார்க்கு விற்கவில்லை. 1957இல் மையர்ஸ் என்னும் கறுப்பினக் குடும்பம், முன்பு வாங்கியிருந்த ஒருவரிடமிருந்து அங்கு ஒரு வீட்டை வாங்கிக் குடிபுகுந்தது. திரண்ட கூட்டம் கல்லெறிந்தது. பல வாரங்கள் அச்சுறுத்தல் தொடர்ந்தது. அக்குடும்பம் அஞ்சி ஓடாமல் அங்கேயே வாழ்ந்தது. ஒரு வீட்டில் குடியிருப்பதே வீரச்செயலாகக் கருதப்படும் நாட்டில், நீதி இன்னும் தெருவுக்கு வந்து சேரவில்லை என்பதே பொருள்.

1968ஆம் ஆண்டுச் சட்டம்

மார்ட்டின் லூதர் கிங் 1966இல் சிகாகோ நகருக்குச் சென்று, வறிய குடியிருப்பொன்றில் தங்கி, வீட்டுவசதியில் நீதி கோரி ஊர்வலங்கள் நடத்தினார். அவ்வாண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் மார்க்கெட் பூங்காப் பகுதியில் எறியப்பட்ட கல் அவர் தலையைத் தாக்கியது. பேருந்திலும் உணவகத்திலும் உடன் அமர இசைந்தவர்கள்கூடப் பக்கத்து வீட்டில் குடியிருக்க இசையவில்லை. குடியுரிமைப் போராட்டத்தின் மிகக் கடினமான கட்டம் இதுவே எனலாம்.

1967இல் பல நகரங்களில் கலவரம் மூண்டது. அதன் காரணங்களை ஆராய அமைக்கப்பட்ட கெர்னர் ஆணையம் 1968 பிப்ரவரித் திங்களின் இறுதியில் அறிக்கை தந்தது. நாடு சமமற்ற இரு சமூகங்களாகப் பிரிந்து செல்கிறது என எச்சரித்த அவ்வறிக்கை, வீட்டுவசதிப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வேண்டும் என்றது. நாடாளுமன்றத்தின் மேலவை மார்ச் 11இல் மசோதாவை நிறைவேற்றியது. கீழவையில் தயக்கம் நிலவியது. ஏப்ரல் 4ஆம் நாள் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 10இல் கீழவை இசைந்தது. மறுநாள் குடியரசுத் தலைவர் ஜான்சன் கையொப்பமிட்டார். இவ்வாறு பிறந்ததே நியாய வீட்டுவசதிச் சட்டம். அதே ஆண்டு ஜூன் திங்களில், 1866ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் செய்யும் இனப் பாகுபாட்டையும் தடுக்கும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 102 ஆண்டுகள் உறங்கிய உரிமை அன்று விழித்தது.

சட்டம் கூறுவன

இனம், நிறம், சமயம், பிறந்த நாட்டு வழி ஆகிய நான்கும் வீடு மறுப்பதற்குக் காரணமாகலாகாது என்பது 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படை. 1974இல் பால் வேறுபாடும், 1988இல் உடற்குறை, மனக்குறை ஆகியனவும், சிறு குழந்தைகள் உள்ள குடும்பம் என்பதும் சேர்க்கப்பட்டன. தடுக்கப்பட்ட செயல்களுள் இன்றியமையாதன வருமாறு:

1. விற்கவோ வாடகைக்கு விடவோ மறுத்தல்.
2. ஒருவர்க்கு ஒரு வாடகையும் மற்றவர்க்கு வேறு வாடகையும், ஒருவர்க்கு ஒரு நிபந்தனையும் மற்றவர்க்கு வேறு நிபந்தனையும் விதித்தல்.
3. வீடு காலியாக இருக்க, இல்லை எனப் பொய் கூறல்.
4. 'இன்னாருக்கு மட்டும்' எனப் பொருள்படும் விளம்பரம் வெளியிடல்.
5. 'இன்ன இனத்தார் வரப்போகின்றனர், விலை விழுந்துவிடும்' என அச்சமூட்டி, இருப்போரைக் குறைந்த விலைக்கு விற்கச் செய்தல்.
6. வீட்டுக் கடனில் வேற்றுமை காட்டல்.
7. இவ்வுரிமையைப் பயன்படுத்துவோரை மிரட்டல்.

ஒவ்வோர் இனத்தாரையும் அவ்வவ்வினத்தார் வாழும் பகுதிகளுக்கே தரகர் நயமாக அழைத்துச் செல்லும் வழக்கமும் குற்றமே. 'உங்களுக்கு அந்தப் பகுதிதான் ஒத்துவரும்' என்னும் இன்சொல்லுக்குள்ளும் விலங்கு மறைந்திருக்கலாம் என்பதைச் சட்டம் உணர்ந்திருந்தது.

வீட்டு உரிமையாளர்க்கு இதனால் உரிமையே இல்லாமற் போகிறதோ என ஐயுறல் வேண்டா. வருவாய் போதுமா, முன்பிருந்த இடத்தில் வாடகையை ஒழுங்காகச் செலுத்தினாரா என வினவலாம். எவரிடமும் ஒரே அளவுகோலைக் கொண்டு வினவ வேண்டும் என்பதே நிபந்தனை. உரிமையாளர் தாமே குடியிருந்து, நான்கு குடும்பங்களுக்கு மேற்படாத வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு விடுவாராயின், இச்சட்டத்தின் பெரும்பகுதி அவரைக் கட்டுப்படுத்தாது. அவரும் பாகுபாடான விளம்பரம் செய்யலாகாது. இனம் பற்றிய மறுப்பாயின் 1866ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்கும் பொருந்தும்.

பல் முளைத்த கதை

1968ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பல்லில்லாப் புலி எனலாம். முறையீட்டைப் பெறும் அரசுத் துறை இரு தரப்பினரையும் அழைத்து இணக்கம் காண முயலலாம். ஆணையிட அதற்கு ஆற்றல் இல்லை. தண்டனையாக விதிக்கத்தக்க இழப்பீடு 1,000 டாலரைத் தாண்டலாகாது. பெருநிறுவனங்களுக்கு அது தொழிற்செலவுகளுள் ஒன்றாயிற்று.

20 ஆண்டுகளுக்குப் பின், 1988ஆம் ஆண்டுத் திருத்தம் இக்குறையைப் போக்கியது. 1,000 டாலர் என்னும் வரம்பு நீக்கப்பட்டது. முதற்குற்றத்துக்கு 10,000 டாலர் வரையிலும், மீண்டும் மீண்டும் இழைப்பின் 50,000 டாலர் வரையிலும் அபராதம் விதிக்க நிருவாக நீதிபதிகளுக்கு ஆற்றல் அளிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர் ஓராண்டுக்குள் துறையிடம் முறையிடலாம். ஈராண்டுக்குள் நேரே நீதிமன்றத்தையும் அணுகலாம். உரிமையைக் கூறும் சட்டத்துக்கும் உரிமையைக் காக்கும் சட்டத்துக்கும் உள்ள வேறுபாடு இதனால் விளங்கும்.

மெய்ப்பிக்கும் வழி

வீடு மறுப்பவர் காரணத்தைச் சொல்லி மறுப்பதில்லை. 'வேறொருவர்க்குப் பேசியாயிற்று', 'மகன் குடிவரப் போகிறான்' என்னும் சொற்கள் பொய் என எவ்வாறு காட்டுவது? இதற்கு அந்நாட்டு நியாய வீட்டுவசதி அமைப்புகள் எளிய வழியொன்றைக் கையாண்டன. வருவாய், குடும்ப அளவு, பேச்சு ஆகிய எல்லாவற்றிலும் ஒத்த இருவரை, இனம் ஒன்றில் மட்டும் வேறுபடுமாறு தெரிந்தெடுத்து, ஒரே வீட்டுக்கு அடுத்தடுத்து அனுப்பினர். இருவர்க்கும் கிடைத்த விடைகளை எழுதி ஒப்பிட்டனர்.

வர்ஜீனியா மாநிலத்தில் 1978இல் இவ்வாறு அனுப்பப்பட்ட வெள்ளையரிடம் வீடு இருக்கிறது எனவும், கோல்மன் என்னும் கறுப்பினப் பெண்மணியிடம் இல்லை எனவும் ஒரு நிறுவனத்தார் கூறினர். அப்பெண்மணிக்கு உண்மையில் வீடு தேவையில்லையே, அவர் எவ்வாறு வழக்காடலாம் என நிறுவனம் வாதிட்டது. வீட்டைப் பற்றிய உண்மையை அறிவதே சட்டம் அளித்த உரிமை. பொய் சொல்லப்பட்ட அளவிலேயே அவ்வுரிமை மீறப்பட்டது என உச்ச நீதிமன்றம் 1982இல் கூறியது. சட்டத்தின் உயிர்நாடி இத்தீர்ப்பில் உள்ளது. மறைவாக இழைக்கப்படும் அநீதியை வெளிச்சத்துக்குக் கொணரும் வழியில்லையேல் எச்சட்டமும் பயனற்றதே.

சட்டத்தின் எல்லை

இத்தனைக்குப் பின்னரும் பாகுபாடு மறைந்துவிட்டதா? இல்லை என்பதே நேர்மையான விடை. அரசுத் துறை 2012இல் 28 பெருநகர்ப் பகுதிகளில் சற்றேறக்குறைய 8,000 சோதனைகள் நடத்தியது. வாயிற்கதவை முகத்தில் அறைவது குறைந்திருந்தது; ஆனால், வீடு வாங்கச் சென்ற கறுப்பினத்தார்க்கு வெள்ளையரைக் காட்டிலும் 100க்கு ஏறத்தாழ 18 என்னும் அளவில் குறைவான வீடுகளே காட்டப்பட்டன. மறுக்கப்படுபவர்க்கே தாம் மறுக்கப்பட்டது தெரியாத அளவுக்கு மறுப்பு நயமாகிவிட்டது. இன்றும் வெள்ளையர் குடும்பங்களுள் 100க்கு 70க்கு மேற்பட்டவை சொந்த வீடுடையவை. கறுப்பினக் குடும்பங்களுள் ஏறத்தாழ 45 மட்டுமே. 1930களில் வரைந்த கோடுகளை ஒரு கையொப்பத்தால் அழித்தல் எளிதன்று. தீய எண்ணத்தை மெய்ப்பிக்க இயலாவிடினும், விளைவில் பாகுபாடுடைய நடைமுறைகளை எதிர்த்து இச்சட்டத்தின்கீழ் வழக்காடலாம் என உச்ச நீதிமன்றம் 2015இல் உரைத்ததும் இதனாலேயே.

நம் நாட்டு நிலை

நம் அரசமைப்பின் 15(2)ஆம் பிரிவு கடை, உணவகம், தங்கும் விடுதி, கேளிக்கை இடம், கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றைப் பெயர் சுட்டிக் கூறி, சமயம், சாதி முதலியவற்றால் எவரையும் விலக்கலாகாது என்கிறது. இப்பட்டியலில் வீடு என்னும் சொல் இல்லை. 'கடை' என்னும் சொல்லை விரிந்த பொருளிலேயே கொள்ள வேண்டும் என அரசமைப்பு அவையில் அம்பேத்கர் விளக்கினார். 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் உச்ச நீதிமன்றமும் அவ்விரிந்த பொருளையே மேற்கொண்டது. ஒரு சொல்லின் பொருளை எவ்வளவு விரிக்கலாம் என்பது இலக்கண வகுப்பில் மட்டும் எழும் வினாவன்று. ஒரு குடும்பத்தின் கூரையே அதனைப் பொறுத்திருக்கலாம்.

தீண்டாமை காரணமாக எப்பகுதியிலும் வீடு கட்டவோ, வாங்கவோ, குடியிருக்கவோ தடை செய்வதை 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. சமயம் காரணமான மறுப்பு அதன் எல்லைக்குள் அடங்காது. அகமதாபாத் நகரின் பார்சிக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் தன் உறுப்பினர் தகுதியைப் பார்சிகளுக்கே வரையறுத்ததை, சங்கம் அமைக்கும் உரிமையின் அடிப்படையில் உச்ச நீதிமன்றம் 2005இல் ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமும் ஒப்பந்தப் பதிவு, வாடகை, வெளியேற்றம் ஆகியவற்றையே பேசுகிறது.

மாற்று முயற்சிகளும் இந்நாட்டில் உண்டு. பல சாதியினரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் வகையில் தமிழ்நாடு அரசு அமைத்த பெரியார் நினைவுச் சமத்துவபுரங்களுள் முதலாவது, 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. வீடுகளை அரசே கட்டித் தருமிடத்து இது இயலும். நகரத்துத் தெருவில் தனியார் வீட்டுக் கதவைத் தட்டுபவர்க்கு அவ்வழி இல்லை.

நிறைவுரை

சட்டம் உள்ளத்தை மாற்றாது என்பர். உண்மையே. ஆயின், உள்ளம் மாறும் வரையில் குழந்தைகளைத் தெருவில் நிறுத்திவைத்தலும் ஆகாது. மறுப்புக்குப் பெயர் சூட்டிக் குற்றமாக அறிவித்தல், மறைவான மறுப்பை மெய்ப்பிக்கும் வழி காணல், மறுப்பவர்க்குப் பொருளிழப்பு நேரச் செய்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தபோதே அமெரிக்கச் சட்டம் ஓரளவேனும் பயன் தந்தது. 1866இல் முதலாவது மட்டுமே இருந்தது. எனவே அது உறங்கிற்று. இப்பாடத்தை நம் சட்டம் பயிலும் மாணவர்கள் நெஞ்சிற் கொள்ள வேண்டும்.

பெரியோர்க்கும் ஒரு சொல். பெயரைக் கேட்ட அளவில் வீடு மறுக்கப்படும் துன்பத்தை நம் குடும்பங்களுள் பல அறியும். அவ்வாறு அறிந்த நாமும், நமக்குச் சொந்தமான வீடுகளுக்கு ஆள் தேடும்போது, 'நம்மவராக இருந்தால் நலம்' எனத் தரகரிடம் சொல்லி வைப்பதுண்டு. பாதுகாப்புக்காகச் சொல்கிறோம் என்பர். நமக்கு மறுப்பவரும் அதனையே சொல்கின்றனர். நாம் பிறரிடம் எதிர்பார்க்கும் நீதியை நம் வாயிற்படியில் முதலில் வழங்குவோமாயின், அதனைச் சட்டமாகக் கோரும் தகுதி நமக்கு வரும். வாடகை தரவல்லவரா, நல்லொழுக்கம் உடையவரா என்னும் இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்வோம். மூன்றாவது கேள்வி வேண்டா.